டின்னுக்குக் கண் கிடையாது

1

ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி பதினான்கு நிமிடம். எக்ஸ்ரே திரையில் முதலில் தெரிந்தது ஒரு தொப்பியின் உலோகச் சின்னம். அதற்குக் கீழே ஒரு ஜோடிச் சப்பாத்து, சவர டப்பா, செங்கல் அளவில் ஓர் ஆரஞ்சு நிறக் கட்டி. எங்கள் இயந்திரம் இரும்பை நீலமாகவும், சோறு, துணி, புத்தகம், தூள் எல்லாவற்றையும் ஆரஞ்சாகவும் காட்டும். அந்தக் கட்டி தேயிலை என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன். தேயிலைப் பொதிக்கு ஒரு தளர்வு உண்டு. காப்பித் தூள் அப்படி உட்காராது.

கனடாவில் பெரியது என்று சொல்ல முடியாத ஒரு நகரத்தின் விமான நிலையத்தில் பதினோரு வருடமாகப் பாதுகாப்புச் சோதனை செய்கிறேன். கனடாவுக்கு வருவதற்கு முன் இலங்கை மலையகத்தில், பதுளையில், கொழும்புத் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு நிருபராக இருந்தேன். யார், எங்கே, எப்போது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடும் பழக்கம் அங்கே வந்தது. இன்னும் போகவில்லை.

இங்கே வீடுகள் மலிவு என்பதால் சில விமானிகள் இங்கே குடியிருக்கிறார்கள். அவர்கள் ஓட்டும் விமானங்கள் நிற்பது இரண்டு மணிநேரப் பறப்புத் தொலைவிலுள்ள பெருநகரத்தில். ஆகவே வேலைக்குப் போவதற்கே விமானம் ஏற வேண்டும். வேறு கம்பனி விமானத்தில் ஆளில்லாத இருக்கை இருந்தால் அது கிடைக்கும். இல்லையென்றால் விமானி அறைக்குள் சுவரோடு மடிந்து கிடக்கும் சின்ன இருக்கை. சீருடையில் பணிக்கு வந்தால் அவர்களுக்குப் பக்கக் கதவு. சாதாரண உடுப்பில் பணிக்குப் போகும் வழியில் என்றால் அவர்களும் பயணிகள்தான். பெல்ட்டைக் கழற்ற வேண்டும், சப்பாத்தைக் கழற்ற வேண்டும், பற்பசையைக் காட்ட வேண்டும். ஒருவரிடமிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தபோது, விமானி அறையில் கோடரியே மாட்டியிருக்கிறது என்று சொன்னார். உண்மைதான். அவர்கள் எரிச்சலில் நியாயம் இருப்பதாகவே பல வருடம் நினைத்திருந்தேன்.

அன்று பெட்டி வெளியே வந்ததும் அதன் உரிமையாளர் தட்டின் விளிம்பை விரல் நகத்தால் இரண்டு முறை தட்டினார். டக், டக்.

நிமிர்ந்து பார்த்தேன். முன்மண்டை வழுக்கை, நரைத்த கிருதா, ஐம்பத்தைந்தை நெருங்கும் முகம். அடையாள அட்டையில் துணை விமானி என்றிருந்தது. பெயரைப் படிக்கத் தேவைப்படவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் சின்னத்துரை, அதாவது உதவி மேலாளர்.

அன்று ஒன்றும் செய்யாமல் பெட்டியை விட்டுவிட்டேன்.

2

பசறை ரோட்டிலிருந்து உள்ளே போகும் தோட்டம் அது. எங்கள் அக்கா பாக்கியம் ஸ்டோரில் வேலை செய்தாள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அவளுக்குத் தூள் சலிக்கிற இடத்தில் வேலை. மலையில் கொழுந்து எடுப்பவர்களைவிட ஸ்டோர் பெண்களுக்கு வெயில், மழை, அட்டை இல்லை. அதற்குப் பதில் ஒன்று இருந்தது. மாலையில் கேட்டைத் தாண்டும்போது ஒவ்வொரு பெண்ணையும் தடவிப் பார்ப்பார்கள். தூள் கொண்டுபோகிறார்களா என்று. தடவுவதற்கு ஒரு பெண்ணைத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் தடவுவது வெட்டவெளியில், லொறிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க.

அக்கா ஒருநாள் சின்னத்துரையிடம் நேராகக் கேட்டாள், இதை உள்ளே ஒரு அறையில் வைத்துச் செய்யக் கூடாதா என்று. அவ்வளவுதான் அவள் கேட்டது.

சின்னத்துரைக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கொழும்புத் தமிழர். எங்களிடம் தமிழில் பேசிய முதல் துரை என்று சனங்கள் அவரை மெச்சினார்கள். ஒரு வாரத்தில் சீர்திருத்தம் ஒன்று கொண்டுவந்தார். இனி எல்லோரையும் தடவ மாட்டார்களாம். கேட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், உள்ளே சட்டைப் பொத்தான்கள், வெள்ளை நிறைய, சிவப்பு கொஞ்சம். பார்க்காமல் கைவிட்டு எடுக்க வேண்டும். சிவப்பு வந்தவளை மட்டும் சோதிப்பார்கள். முதல் நாள் அவரே வந்து நின்று, பேனாவால் டின் மூடியை டக், டக் என்று தட்டித் தொடங்கி வைத்தார்.

அன்று தொடங்கி அக்காவுக்குச் சிவப்புத்தான் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல், ஒருநாள் தப்பாமல்.

எனக்குப் பத்தொன்பது வயது. பத்திரிகைக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்த நேரம். ஒரு மழை மாலையில் குடையோடு கேட்டில் அக்காவுக்காகக் காத்திருந்தேன். கேட்டுக் காவல்காரரான வாச்சரின் கையிலிருந்து டின் நழுவியது. பொத்தான்கள் என் காலடி வரை உருண்டு வந்தன. எல்லாமே சிவப்பு. வாச்சரின் நாற்காலிக்கு அடியில் இன்னொரு டின் இருந்தது. ஒன்று எல்லோருக்கும், ஒன்று அக்காவுக்கு. பார்த்ததை மட்டும் எழுது என்று பின்னாளில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இது நான் பார்த்தது.

மறுநாளே சின்னத்துரையின் வாசலில் போய் நின்றேன். நிருபர் என்று சொல்லிக்கொண்டு கருத்துக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

“டின்னுக்குக் கண் இல்ல தம்பி. யாரையும் பாத்து எடுக்காது.”

இரண்டு நாள் கழித்து அக்காவின் சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு பிடி தூள் கிடைத்தது. விடிகாலையில் பெரட்டுக் களத்தில், ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற அந்த இடத்தில், மேசைமேல் பெட்டியைத் திறந்து வைத்து அக்காவைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கங்காணி கடைசிப் பெயரைக் கூப்பிட்டு ஆட்கள் கலையும் வரை நின்றாள். சின்னத்துரை பேனாவால் பெட்டியைத் தட்டினார். எல்லாரும் நல்லா பாத்துக்குங்க என்றார்.

அன்றே அக்காவை ஸ்டோரிலிருந்து எடுத்து, தோட்டத்திலேயே செங்குத்தான மலைக்குக் கொழுந்தெடுக்கப் போட்டார்கள். வெலிமடையிலிருந்து வந்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. இரண்டு மாதத்தில், கோயில் திருவிழாவின்போது, அக்கா இடுப்பு வரை இருந்த முடியை மழித்துக்கொண்டாள். நான் எழுதிய செய்தியில் கடைசி வரி, “அவமானம் தாங்காமல் அப்பெண் மொட்டையடித்துக்கொண்டார்” என்பது. துரைமார் தரப்பில் உறுதிப்படுத்தவில்லை என்று செய்தியைப் போடவில்லை.

சின்னத்துரை அடுத்த வருடம் வேலையை விட்டு வெளிநாட்டுக்கு விமானம் ஓட்டப் படிக்கப் போனார் என்று கேள்விப்பட்டோம்.

3

இரண்டாவது ஞாயிறு அவரது பெட்டியை நிறுத்தினேன். தூள் எதுவானாலும், திரையில் தெளிவாகத் தெரியவில்லை என்று அலுவலர் கருதினால் பிரித்துப் பார்க்கலாம். ‘கருதினால்’ என்பது விதிப்புத்தகத்தில் உள்ள சொல். நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு பதினொரு நிமிடம். அவர் சப்பாத்து நாடாவைக் கட்டாமலே வாயிலை நோக்கி ஓடினார். ஐம்பது தாண்டிய ஒரு மனிதர் ஓடுவதைப் பின்னால் இருந்து பார்த்தேன். நன்றாக இருந்தது. இதைப் பழி என்றே எழுதுகிறேன். வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

விதியை நான் மீறவில்லை. கையுறை மாற்றினேன். துணித்துண்டால் பெட்டியின் பிடி, உள்விளிம்பு, பூட்டு என்று தடவி, வெடிமருந்து காட்டும் இயந்திரத்தில் வைத்தேன். ஒவ்வொரு தடவலுக்குப் பிறகும் அந்த இயந்திரம் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் காத்திருக்க வேண்டும். மற்ற அலுவலர்கள் காத்திருக்க மாட்டார்கள். நான் காத்திருந்தேன்.

நான்காவது ஞாயிறு அவர் மேலிடத்தில் முறையிட்டார். எங்கள் மேற்பார்வையாளர், போலந்துப் பெண், கெமராப் பதிவை ஓட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பதிவைக் காட்டலாமாம்.

முறையீடு பலிக்காததால் அவர் அடுத்த வாரம் வழியை மாற்றினார். என் சட்டையிலிருந்த பெயரைப் படித்துவிட்டுத் தமிழில் தொடங்கினார்.

“தமிழா நீங்க? எந்தப் பக்கம்?”

“பதுளைங்க.”

“பதுளையா? அட, நான் பசறைப் பக்கம் ரெண்டு வருஷம் சின்னத்துரையா இருந்தேன் தம்பி. என் வாழ்க்கையிலயே நல்ல காலம் அது.”

பெட்டியைத் திறந்தபடி, அப்படிங்களா என்றேன். அவர் சந்தோஷமாகிவிட்டார். பனியைப் பற்றிச் சொன்னார், பங்களாவில் பூத்த பூக்களைப் பற்றிச் சொன்னார். இந்தத் தேயிலைகூட எங்கள் ஊவா மாகாணத்துத் தேயிலைதானாம், கொழும்பிலிருந்து தங்கை அனுப்புகிறாளாம். ஹோட்டல் தேநீர் வாயில் வைக்க முடியவில்லையாம்.

“அந்தச் சனங்க மாதிரி விசுவாசமான சனங்கள நான் எங்கயும் பாக்கல. கொஞ்சம் தூள் களவெடுக்கும். அது சின்னப் புள்ளைங்க மாதிரி, தெரியாம செய்றது.”

நான் பொதியின் வாயைப் பிரித்து முகர்ந்தேன். நல்ல தூள். அக்கா இருந்தால் எந்தச் சல்லடையில் விழுந்தது என்று சொல்லியிருப்பாள்.

போகும்போது என் தோளைத் தொட்டார்.

“அடுத்த ஞாயிறு மட்டும் கொஞ்சம் சீக்கிரமா விட்டுருங்க தம்பி. பகல் எனக்குக் கேப்டன் தேர்வுப் பறப்பு. ஒன்பது வருஷம் காத்திருந்தது. நேரத்துக்குப் போகலன்னா பெயர் வரிசையில கடைசிக்குப் போயிரும், எனக்கு வயசும் இல்ல.”

கண்டிப்பாகப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

4

இங்கே இரவு எட்டு மணி என்றால் பதுளையில் மறுநாள் விடிகாலை ஐந்தரை. அக்கா இப்போது நகரத்தில், பஜாருக்குப் பின்னால், மகன் வீட்டில் இருக்கிறாள். மகன் வெலிமடை உருளைக்கிழங்கு வியாபாரி. லொறி போனதும் அவள் அடுப்படியில் தனியாக இருப்பாள். எங்கள் பேச்சு அந்த நேரத்தில்தான்.

ஐந்து ஞாயிறுகளையும் வரிசையாகச் சொன்னேன். அவள் குறுக்கிடவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவனுக்கு முடி இருக்கா?”

“முன்னால வழுக்கக்கா.”

“நல்லது.”

நான் பழைய கதைக்குப் போனேன். நீ ஒரு தூசுகூட எடுக்காமல் அந்தப் பெரட்டில் நின்றாயே, அதை நான் மறக்கவில்லை என்றேன். போனில் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள்.

“யாருடா சொன்னா எடுக்கலன்னு? டப்பாவுல இருந்தது என்னுது இல்ல. என்னுது கொண்டையில இருந்துச்சு.”

அவள் சொன்னதை அப்படியே வரிசையாகத் தருகிறேன். தடவிப் பார்க்கும் பெண் எங்கள் லயத்துக்காரிதான், எங்கள் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தவள். அவளிடம் அக்கா, தான் மாரியம்மனுக்கு முடி நேர்ந்து விட்டிருப்பதாகவும், மழிக்கும் வரை வேறு கை பட்டால் பட்ட கைக்காரிக்கு அம்மை போடும் என்றும் சொல்லி வைத்திருந்தாள். இடுப்பைத் தடவினார்கள், ரவிக்கையைத் தடவினார்கள், பெட்டியைக் கொட்டினார்கள். இரண்டு வருடம் ஒரு கையும் கொண்டைக்குப் போகவில்லை. மெல்லிய துணியில் முடிந்து, முடிக்குள் சுருட்டி வைத்துக் கொண்டுவந்த தூளில் எங்கள் லயத்தில் பத்து வீடும் தேநீர் குடித்தன. நானும் குடித்தேன். கடைத்தூள் என்று நினைத்துக் குடித்தேன்.

“பெரட்டுல நின்னேனே, அன்னைக்கும் தலையில இருந்துச்சு. மொத நாள் கொண்டாந்தது, எடுக்க நேரமில்ல. அவன் டப்பாவத் தட்டித் தட்டிக் காட்டுறான், எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. சிரிச்சா கொண்டை அவுந்துருமேன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.”

“அப்ப ஏன் மொட்டை போட்ட?”

“மலைக்குப் போட்டபொறகு கொண்டைக்கு என்னா வேலை? ஆத்தாவுக்குன்னு சொல்லியாச்சு. அவள ஏமாத்தலாமா?”

அவமானம் தாங்காமல் என்று நான் எழுதிய வரி பிழை. முப்பது வருடம் அது பிழை என்று எனக்குத் தெரியாது.

சரி, அப்படியென்றால் அவரை விட்டுவிடவா என்று கேட்டேன். அக்காவின் குரல் மாறியது. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் போட்ட தழும்பைப் பற்றி அவள் எப்போதும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

“நான் எடுத்தத அவன் புடிக்கல. எடுக்காதத வச்சுப் புடிச்சான். அது வேற, இது வேற. நீ தேடு. நல்லாத் தேடு. ஆனா அவன் பொட்டியில எதையும் வச்சுறாத.”

5

என் மகளுக்குப் பதினேழு வயது. பதுளையை அவள் மூன்று தடவை பார்த்திருக்கிறாள். மூன்று தடவையும் வயிற்றுக் கோளாறு. தமிழ் புரியும், பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். எப்போதாவது தமிழில் பேசினால் என்னை நீ என்றுதான் சொல்வாள். நாங்கள் அப்பாவை அப்படிச் சொன்னால் பல் இருக்காது. திருத்துவதை நிறுத்திப் பல வருடமாகிறது.

அக்காவுடன் நான் பேசியதை அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கொண்டைக் கதை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அத்தையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எழுதப் போவதாகச் சொன்னாள். பிறகு விமானியைப் பற்றிக் கேட்டாள். அவரை இயந்திரம் தெரிவு செய்ததா, நீ தெரிவு செய்தாயா?

விதிப்படிதான் செய்தேன் என்றேன்.

அவளுடைய தோழி ஒருத்தி, கறுப்பினப் பெண், எந்த விமான நிலையத்துக்குப் போனாலும் தற்செயலாகத் தெரிவாகிவிட்டதாகச் சொல்லி நிறுத்தப்படுகிறாளாம். ஒவ்வொரு தடவையும். அந்தத் தற்செயல் நீதானா அப்பா என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அது உண்மை. அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் நிறுத்தியதில்லை. மகள் என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டு மேலே போனாள். அந்த வாரம் முழுக்கக் குறைவாகப் பேசினாள்.

புதன்கிழமை, ஞாயிறு வேலையை வேறொருவருடன் மாற்றிக்கொள்ள விண்ணப்பத்தை எடுத்தேன். வேலை நேரம் என்ற கட்டம் வரை நிரப்பினேன். அந்தச் செங்குத்து மலையில் அக்கா பன்னிரண்டு வருடம் ஏறினாள். விண்ணப்பத்தைத் திரும்ப வைத்துவிட்டேன்.

6

அந்த ஞாயிறு அவர் வந்தது ஐந்து முப்பத்தொன்றுக்கு. முந்தின மாலையே போயிருக்க வேண்டும். இரண்டு விமானங்களும் நிரம்பி, இருக்கை கிடைக்கவில்லையாம். ஆறு பத்து விமானத்தில் மடக்கு இருக்கை அவர் பெயருக்குப் போட்டிருந்தார்கள். ஐந்து ஐம்பத்தைந்துக்கு வாயில் மூடும்.

“தம்பி, இன்னைக்குத்தான்.”

ஆள் கடக்கும் உலோகச் சோதனைச் சட்டகத்தின் விளக்குப் பச்சையாக எரிந்தது. நான் அவர் பெட்டியை நிறுத்தினேன்.

“பச்சைதானே எரிஞ்சுது?”

“அது ஆளுக்குங்க. பொட்டிக்கு வேற மெஷின்.”

உள்ளே மூன்று பொதி தேயிலை. தேர்வு எடுக்கும் அதிகாரிக்கு ஒன்று, கூட வேலை செய்பவர்களுக்கு இரண்டு என்றார். மூன்றும் காற்றுப்புகாத வெள்ளித்தாளில் இருந்தன. முதல் பொதியின் விளிம்பைக் கத்தரித்தேன், தடவினேன், இயந்திரத்தில் வைத்தேன், அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வரை காத்திருந்தேன். ஐந்து நாற்பது. கையுறை மாற்றினேன். இரண்டாவது பொதி. அவர் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். அந்தப் பெண் கடைசி வரிசையில் ஒரு சக்கர நாற்காலிப் பயணியோடு இருந்தார். வருகிறேன் என்று கைகாட்டினார். ஐந்து நாற்பத்தேழு.

நாம் ஒரே ஊர்க்காரர்கள் மாதிரிதானே என்றார். ஒன்பது வருடம் என்றார். தேயிலையை எறிந்துவிடு, பெட்டியை மட்டும் கொடு என்றார். தொடங்கிய சோதனையை முடிக்காமல் பெட்டியைக் கொடுக்க முடியாது என்று விதியின் இலக்கத்தைச் சொன்னேன். மூன்றாவது பொதியை எடுத்தேன். அவர் தட்டின் விளிம்பை நகத்தால் தட்டினார். டக், டக்.

“ஏன் தம்பி ஒவ்வொரு வாரமும் என்னையே?”

“டின்னுக்குக் கண் இல்லைங்க. யாரையும் பாத்து எடுக்காது.”

கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார், சட்டையிலிருந்த பெயரைப் பார்த்தார், மறுபடி முகத்தை. ஓடுவதற்குத் தயாராக முன்னால் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து நின்றார்.

“அந்தப் பொண்ணுக்கு நீ என்ன வேணும்?”

“தம்பி.”

பின்னால் நின்ற பயணிகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“நான் வைக்கச் சொல்லல. வாச்சர் வச்சான். எனக்குப் பொறகுதான் தெரியும்.”

“பெரட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து ஐம்பத்து மூன்று. இயந்திரம் மூன்றாவது முறையும் சுத்தம் என்று காட்டியது. மூன்று பொதிகளின் வாயையும் நாடாவால் ஒட்டி, சட்டை கசங்காமல் அடுக்கி, பெட்டியை மூடி அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

“எல்லாம் சரியா இருக்குங்க. நீங்க போகலாம்.”

ஐந்து ஐம்பத்தாறு. படிவத்தில் நேரம், பொருள், முடிவு எழுதிக் கையெழுத்திட்டேன். கண்டெடுக்கப்பட்டது என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை என்று எழுதினேன்.

ஆறு பத்து விமானம் ஆறு பத்துக்குப் புறப்பட்டது. மடக்கு இருக்கையில் ஆள் இல்லை.